சிக்கெடுப்பதே வேலையாகிவிட்டதா? வீட்டு ஸ்டுடியோ கேபிள்கள்: கேள்வி பதில்

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று சவுண்ட் சர்வீஸில் பதினொரு வருடம் வயர் இழுத்தவன் நான். இப்போது மேற்கு மாம்பலத்தில் பத்துக்குப் பத்து அறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ. வீட்டு ஸ்டுடியோ பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னபோது மைக் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கேபிள் கேள்விகள். சரி, இந்த முறை அது மட்டும்.

பெரம்பூரிலிருந்து: அண்ணா, கேபிளை முழங்கையில் சுற்றித்தான் வைக்கிறேன். ஆறு மாதத்தில் முறுக்கேறி நெளிகிறது. மட்டமான கேபிளா?

கேபிள் மேல் தப்பில்லை தம்பி, கை மேல்தான். முழங்கைச் சுற்று கிணற்றுக் கயிற்றுக்குச் சரி. கேபிளை ஒரே திசையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. இருபது சுற்று, இருபது முறுக்கு. வெளி உறை தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புப் பின்னல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஒரு நாள் பாடகர் சுருதி சேர்க்கும்போது கரகரவென்று ஆரம்பிக்கும்.

நாங்கள் செய்வது 'மேல்-கீழ்' சுற்று. இடது கையில் ஒரு முனை. முதல் சுற்றை வழக்கம்போலப் போடுங்கள். இரண்டாவதற்கு வலது மணிக்கட்டை உட்பக்கம் திருப்பி, கேபிள் சுற்றின் அடிவழியாக வரும்படி போடுங்கள். மூன்றாவது மேலே, நான்காவது கீழே. மேல் சுற்று ஏற்றிய முறுக்கைக் கீழ்ச் சுற்று எதிர்த்திசையில் கழித்துவிடும். சுற்றின் அகலம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கட்டும். சரியாகச் சுற்றியிருந்தால், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மற்றதை வீசினால் நேராக ஓடி விழும். கை பழக இரண்டு நாள் ஆகும், டிவி பார்த்துக்கொண்டே பழகலாம்.

ஒரே எச்சரிக்கை: முனை, சுற்றின் நடுவே நுழைந்து வெளியே வந்துவிடக்கூடாது. வந்தால் பிரிக்கும்போது வரிசையாக முடிச்சு விழும். ஆரம்ப காலத்தில் ஒரு திருவிழா மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, முப்பது மீட்டர் கேபிளில் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தவன் நான்.

ஏற்கெனவே நெளிந்துபோன கேபிளை வடகம் காயவைப்பதுபோல மொட்டை மாடியில் காலை வெயிலில் நீட்டிப் போடுங்கள். அரை மணி நேரம் போதும். உறை இளகி, பழைய வளைவை மறக்கும். அந்தச் சூட்டோடு புதிய முறையில் சுற்றுங்கள். உச்சி வெயில் வேண்டாம்.

திருவான்மியூரிலிருந்து: சார், வீடு கடற்கரைக்குப் பக்கம். பயன்படுத்தாமல் வைத்த கேபிள்களில்கூட முனையில் இருக்கும் உலோகப் பின் கறுத்துப்போகிறது.

உப்புக்காற்று. வெள்ளி முலாம் பூசிய பின்கள் கறுக்கும், நிக்கல் மங்கும், முலாம் தேய்ந்த இடத்தில் பச்சை பூக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பச்சை போகவில்லை என்றால் கான்டாக்ட் கிளீனர், அதற்கும் அசையவில்லை என்றால் பின்னையே மாற்றிவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

இனி, அடிக்கடி எடுக்காதவற்றை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து உள்ளே போடுங்கள். ஏசி ஓடி அறை காய்ந்திருக்கும்போது மூடுவது முக்கியம். ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூடினால், ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். பாச்சை உருண்டை வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது இளக்கிவிடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து: ப்ரோ, சின்ன ரூம். சுவரில் ஆணி அடித்தால் ஓனர் திட்டுவார். எங்கே மாட்டுவது?

கதவின் பின்பக்கம் தொங்கவிடும் செருப்புப் பை, பாக்கெட் பாக்கெட்டாக இருக்குமே, அதை வாங்குங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கேபிள். நீளமானவற்றுக்குக் கட்டில் சட்டத்தில் எஸ் வடிவக் கொக்கி. ஜன்னல் கம்பியில் மட்டும் மாட்டாதீர்கள், வெயிலும் சாரலும் சேர்ந்து ஒரே வருடத்தில் உறையை வெடிக்கவைக்கும்.

அம்பத்தூரிலிருந்து: ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாமா?

கூடாது. நம்மூர்ச் சூட்டில் ரப்பர் பேண்ட் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். இன்சுலேஷன் டேப்பும் அப்படித்தான், பிசினை விட்டுவிட்டுப் போகும். தையல் சாமான் கடையில் வெல்க்ரோவை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கேபிளின் ஒரு முனையோடு நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். தேடவே வேண்டாம்.

மயிலாப்பூரிலிருந்து: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்று வீட்டிலேயே பதிவு செய்கிறோம். எந்த கேபிள் எங்கே போகிறது என்று ஒவ்வொரு முறையும் குழப்பம் சார்.

இரண்டு முனையிலும் அடையாளம் வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதுவது பாதி வேலை. நான் எண் எழுதுவதில்லை, ரெசிஸ்டர் என்ற மின்தடையில் எண்ணுக்குப் பதிலாக வரும் வண்ணக் குறியீட்டையே வண்ண டேப்பாக ஒட்டுகிறேன்: பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6. டேப் மேலே நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுபட்டால் சுருங்கி இறுகுவது) போட்டால் பிசின் கசியாது. பாட்டு எப்போதும் பழுப்பு, வயலின் சிவப்பு, மிருதங்கம் ஆரஞ்சும் மஞ்சளும் என்று வைத்துக்கொண்டால், இருட்டு மூலையில் குனிந்தாலும் தெரியும். நீளத்தையும் எழுதுங்கள். பத்துக்குப் பத்து அறைக்கு மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் இரண்டும் போதும். பத்து மீட்டர் வாங்கினால் மிச்சம் ஏழு மீட்டர் காலில்தான் கிடக்கும்.

போரூரிலிருந்து: மேஜைக்குப் பின்னால் எல்லா வயரையும் ஒன்றாகக் கட்டி அழகாக வைத்தேன். அதன்பிறகு கிடாரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

அழகுதான் காரணம். கரண்ட் வயரோடு ஆடியோ கேபிளை நெடுக ஒட்டிக் கட்டினால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் அதில் ஏறிவிடும். மேஜையின் இடப்பக்கம் கரண்ட், வலப்பக்கம் ஆடியோ என்று பிரியுங்கள். குறுக்கே போயே ஆகவேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோல நேர்க்கோணத்தில் கடக்கட்டும். அடாப்டர்களையும் தள்ளிவையுங்கள். மைக்குக்குப் போடும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே ஒலி இரண்டு வயர்களில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறது. மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால், இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். கிடார் கேபிளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சத்தம் போகவேண்டும் என்று எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், அது உயிர் விஷயம்.

அதே நண்பர்: ஸ்பீக்கர் கேபிளும் கிடார் கேபிளும் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

ரிச்சி தெருவில் பி-38 என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த ஜாக்தான் இரண்டிலும். உள்ளே வேறு. ஸ்பீக்கர் கேபிளில் தடித்த இரண்டு வயர், கவசப் பின்னல் கிடையாது. கிடார் கேபிளில் மெல்லிய நடு வயர், சுற்றிலும் பின்னல். கிடார் கேபிளை ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே போட்டால் சூடேறும், ஆம்ப்பே போகலாம். இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டவே கூடாது.

வேளச்சேரியிலிருந்து: தரைத்தளம். 2015 டிசம்பரில் எல்லாம் முங்கியது. இன்னும் அந்த கேபிள்கள் சில இருக்கின்றன.

முங்கிய கேபிளில் தண்ணீர் உறைக்குள்ளேயே பின்னல் வழியாக ஊர்ந்துபோகும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும். பின்னைக் கழற்றி உறையை இரண்டு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், நல்ல செம்பு வரும்வரை வெட்டி, மிச்சத்தில் குட்டி கேபிள் செய்துகொள்ளுங்கள். கடைசிவரை கறுப்பு என்றால் காயலான் கடை. புதியவற்றை இடுப்பு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்.

ஆவடியிலிருந்து: எலி கடிக்கிறது.

உயரத்தில் மாட்டுங்கள், மிச்சத்தைத் தகர டிரங்குப் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவையும் அது கடிக்கும்.

கொளத்தூரிலிருந்து: உங்களிடம் மொத்தம் எத்தனை கேபிள் இருக்கிறது அண்ணா?

வேலை செய்பவை இருபத்து மூன்று. ஒவ்வொரு ஆடியிலும் உட்கார்ந்து மல்டிமீட்டரில் 'பீப்' வைத்துப் பார்ப்பேன், பின்னை ஆட்டிக்கொண்டே. பீப் விட்டு விட்டு வந்தால் தனியே எடுத்து ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். பெரும்பாலும் பின் அருகேதான் போயிருக்கும். இது போக 'தெரியாதது' என்று எழுதிய ஒரு டப்பா உண்டு. எதற்கு வந்தவை என்றே நினைவில்லாத அடாப்டர்களும் ஒற்றைக் காது வயர்களும். போகிக்கு வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். வயரை எரிக்கக்கூடாது, புகை விஷம் என்று சொல்லி இந்த வருடமும் தப்பவைத்துவிட்டேன்.