ஈவ் ஒன்லைன் தொடங்கப் போறீங்களா? முதல் மாசம் காசு கட்டாதேங்கோ

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில இருக்கிறன், ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட் வருமட்டும் வீட்டில நிக்கிறன். கூட்டாளி ஒருத்தன் ஈவ் ஒன்லைன் எண்டு ஒரு ஸ்பேஸ் கேம் விளையாடுறான், பாக்க ஆசையா இருக்கு, ஆனா ஸ்க்ரீன் முழுக்க எக்செல் ஷீட் மாதிரிக் கிடக்கு, ஒண்டும் விளங்கேல்ல. பேஸ்புக்கில ஒருத்தர் பெரிய கப்பலும் நிறைய ஸ்கில்லும் இருக்கிற ரெடி எக்கவுண்ட் 25,000 ரூபாய்க்குத் தாறாராம், இண்டைக்கே காசு போட்டா 22,000க்கு விடுறன் எண்டு சொல்லுறார். சின்னப் பிள்ளையளுக்கு டியூஷன் குடுத்துச் சேத்த காசு கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கு. அதை வாங்கிறதா, இல்லாட்டி மாசக் காசு கட்டி அடியிலயிருந்து தொடங்கிறதா?

பதில்: தம்பி, ரெண்டும் வேண்டாம். அந்த 22,000 பேங்கிலயே கிடக்கட்டும்.

முதல்ல அந்த ரெடி எக்கவுண்ட் கதை. எங்கட ஒழுங்கையில ஒரு பெடியன் போன வருசம் இதே மாதிரி ஒராளிட்ட 18,000 குடுத்து வாங்கினவன், பாஸ்வேட்டை மாத்தினான், ஈமெயிலை மாத்தினான், எல்லாம் சரி எண்டுதான் இருந்தவன். 11 நாள் விளையாடினான். 12ஆம் நாள் லொகின் பண்ணேக்க பாஸ்வேட் பிழை எண்டு வந்தது, வித்த ஆளுக்கு மெசேஜ் போட்டா ஆள் புளொக் பண்ணிட்டார். என்ன நடந்திருக்கும் எண்டா, எக்கவுண்டை முதல் திறந்த ஆள் கம்பனிக்கு எழுதி, இது என்ர, ஆரோ எடுத்திட்டாங்கள் எண்டு சொன்னாக் காணும், பழைய ஈமெயில், பழைய காசு கட்டின விபரம் எல்லாம் அவரிட்டத்தானே இருக்கு. எங்கட பெடியன் கம்பனிக்கு என்னெண்டு முறையிடுறது? எக்கவுண்டை வெளியில காசுக்கு விக்கிறதும் வாங்கிறதும் அந்தக் கேமின்ர சட்டத்திலயே கூடாது, முறையிடப் போனா இவனும் பிழை செய்த ஆளாத்தான் நிப்பான். அந்தப் பிள்ளை மூண்டு மாசம் ஹோல் வேலைக்குப் போய்ச் சேத்த காசு அது, நினைக்க இப்பவும் எனக்கு வயிறு எரியுது. அதே மாதிரித்தான் கேம் காசை, அதை ஐஸ்க் எண்டு சொல்லுவினம், வெளி ஆக்களிட்ட மலிவா வாங்கிறதும். பிடிபட்டா வாங்கின காசும் போம், எக்கவுண்டும் போம்.

அவன் ஏமாறாம இருந்திருந்தாலும் அது நட்டம்தான் எண்டுறது என்ர எண்ணம். ஏனெண்டா இந்தக் கேமில பெரிய கப்பலை வச்சிருக்கிறது ஒரு விசயம், அதை ஓட்டத் தெரியிறது வேற விசயம். கப்பல் உடைஞ்சா உடைஞ்சதுதான், மற்றக் கேமுகள் மாதிரித் திரும்ப எழும்பி வராது, அதில பூட்டியிருந்த சாமான்களில பாதி எரிஞ்சிடும், மிச்சப் பாதியை அடிச்சவன் அள்ளிக்கொண்டு போயிடுவான். 2014 ஜனவரியில பீ-ஆர்-5-ஆர்-பீ எண்ட இடத்தில நடந்த ஒரு சண்டையில மட்டும் டைட்டன் எண்ட மிகப் பெரிய கப்பல் 75 உடைஞ்சது, அதின்ர பெறுமதியை உண்மைக் காசில பாத்தா 3 லட்சம் டொலர் வரும் எண்டு அந்த நேரம் கணக்குப் போட்டவை. தொடங்கி ஒரு கிழமை ஆன ஆளிட்ட பெரிய கப்பலைக் குடுத்தா, லைசன்ஸ் எடுக்காத பெடியனிட்ட கன்டெய்னர் லொறியைக் குடுத்துக் காலி வீதியில இறக்கிவிட்ட மாதிரித்தான்.

சரி, அப்ப என்னெண்டு தொடங்கிறது. இந்தக் கேம் 2003இல வந்தது, ஐஸ்லாந்தில இருக்கிற சீசீபீ எண்ட கம்பனி செய்தது, கனகாலம் மாசக் காசு கட்டினாத்தான் உள்ள விடுவினம். 2016 நவம்பரிலதான் ஆல்பா எண்டு ஒரு இலவச வழி திறந்தவை. காசு கட்டிற ஆக்களுக்கு ஒமேகா எண்டு பேர். ஒமேகா ஒரு மாசம் 15 டொலரா இருந்தது 2022இல 20 டொலராக் கூடினது, டொலர் 300 ரூபாய் எண்டு வச்சாலே 6,000, அதுக்கு மேல பேங்க் தன்ர பங்குக்குக் கழிக்கும். கனபேரின்ர வீட்டு இன்டர்நெட் பில்லே அவ்வளவு வராது. ஆல்பாவில என்ன குறை எண்டா ஸ்கில் பழகிறது ஒமேகாவின்ர பாதி வேகம், 50 லட்சம் ஸ்கில் பொயின்ட் வந்த உடன பழகிறது நிண்டிடும், சில உயர்தரக் கப்பல் ஓட்டேலாது. ஆனா தொடங்கிற ஆளுக்கு அந்த எல்லை வரப் போறதுக்கே மாசக்கணக்காகும். நீங்கள் நித்திரை கொள்ளேக்கயும் ஸ்கில் தன்ர பாட்டில ஏறிக்கொண்டிருக்கும், அதால அவசரப்பட ஒண்டுமில்ல.

ஒரு முக்கியமான விசயம், கன பேர் தவறவிடுறது. எக்கவுண்ட் திறக்க முதல் உங்கட கூட்டாளியிட்ட அவன்ர ரெக்ரூட் லிங்கை, புது ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு உள்ள லிங்கை, கேட்டு வாங்கி அதுக்குள்ளாலதான் திறக்கவேணும். அப்பிடித் திறந்தா 10 லட்சம் ஸ்கில் பொயின்ட் சும்மா கிடைக்கும். அது எவ்வளவு பெறுமதி எண்டு விளங்கவேணுமெண்டா, கேமுக்குள்ள விக்கிற பெரிய ஸ்கில் இன்ஜெக்டர், ஸ்கில் பொயின்டை உடன ஏத்திற சாமான், ஒண்டு புது ஆளுக்கு 5 லட்சம்தான் குடுக்கும், அப்ப ரெண்டு இன்ஜெக்டர் சும்மா கிடைச்ச கணக்கு. அவசரத்தில நேரா டவுன்லோட் பண்ணித் திறந்துபோட்டு பிறகு லிங்க் கேட்டு அலையாதேங்கோ.

உள்ள போனவுடன எந்த இனம் எடுக்கிறது, அமாரா கல்டாரியா எண்டு மண்டையை உடைக்கவும் வேண்டாம், எதை எடுத்தாலும் பிறகு எல்லாருடைய கப்பலும் பழகலாம். கேரியர் ஏஜென்ட் எண்டு சில பேர் ஸ்டேஷன்களில இருப்பினம், சண்டை, சுரங்கம், சாமான் செய்யிறது, தேடிப் பிடிக்கிறது எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒராள், அவை தாற வேலையள் முழுக்கச் செய்யுங்கோ, ஒண்டையும் விடாதேங்கோ. செய்யச் செய்ய கப்பலும் காசும் தருவினம், அதுதான் உங்கட முதல். எனக்குக் கேட்டா சுரங்கத்தில குந்திக் கல்லு உடைக்கிறதை விட, ஹெரன் மாதிரி மலிவான தேடுற கப்பல் ஒண்டை எடுத்துக்கொண்டு ப்ரோப் எண்ட தேடுற கருவியை விட்டுப் பழைய இடிபாடுகளைத் தேடிப் போறது நல்லம் எண்டுவன், கப்பல் உடைஞ்சாலும் பெரிய நட்டமில்ல, இடம் வலமும் பிடிபடும்.

இப்ப பாதுகாப்புக் கதை, இதில நானே சூடு பட்டனான். ஒவ்வொரு இடத்துக்கும் 1.0 இலயிருந்து கீழ இறங்கிற ஒரு பாதுகாப்பு நம்பர் இருக்கும், 0.5உம் அதுக்கு மேலயும் ஹைசெக், பாதுகாப்புக் கூடின இடம், அங்க கொன்கோர்ட் எண்டு பொலிஸ் இருக்கு. நான் அதைப் பாத்துட்டு ஹைசெக் எண்டா பயமில்ல எண்டு நினைச்சன். அந்த நேரம் என்னட்ட இருந்த காசு முழுக்க, 9 கோடி ஐஸ்க், ஜிட்டா சந்தையில சாமான் வாங்கி பட்ஜர் எண்ட சாமான் கப்பலில ஏத்தி, டொடிக்ஸி எண்ட இன்னொரு சந்தைக்குக் கொண்டுபோய் வித்தா லாபம் எண்டு ஓட்டோ பைலட்டைப் போட்டுட்டு குசினிக்குத் தேத்தண்ணி வைக்கப் போனன். தண்ணி கொதிக்க முதல் ஹெட்போனுக்குள்ளால அலாரம் கேக்குது, ஓடி வந்து பாத்தா உயெடாமா எண்ட இடத்தில, அது 0.5தான், ஸ்க்ரீன் நடுவில முட்டை மாதிரி என்ர கெப்சூல், கப்பல் உடைஞ்சா ஓட்டினவன் மிஞ்சிற கூடு, அது மட்டும் தனிய மிதக்குது, பக்கத்தில பட்ஜரின்ர உடைசல், இன்னொருத்தன் வந்து அதிலயிருந்து என்ர சாமானை இழுத்துக்கொண்டிருக்கிறான். அடிச்ச கெட்டலிஸ்ட் கப்பல்கள் எல்லாத்தையும் கொன்கோர்ட் வந்து உடைச்சதுதான், ஆனா அதால எனக்கென்ன? கொன்கோர்ட் தண்டனை குடுக்கும், காப்பாத்தாது. ஓட்டோ பைலட் கப்பலை, அடுத்த இடத்துக்குப் பாயிற வாசலுக்குக் கொஞ்சம் எட்டத்தில நிப்பாட்டி மெல்ல மெல்ல ஊர வைக்கும், அந்த இடைவெளியிலதான் அடிப்பாங்கள். சாமான் இருந்தா கையாலதான் ஓட்டவேணும். போனாப் போகட்டும் எண்டு விடக்கூடிய பெறுமதிக்கு மேல ஒரு கப்பலில ஏத்தவும் கூடாது.

ஜிட்டாவில நிக்கிற எல்லாரும் எழுதிற லோக்கல் சட் பக்கத்தைப் பாத்தீங்கள் எண்டா 1 கோடி அனுப்பு, 2 கோடி திருப்பித் தாறன் எண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் ஆளுக்கு விக்கிற கொன்ட்ரக்டில ராவன் எண்ட பெரிய சண்டைக் கப்பலின்ர பேர் போட்டிருக்கும், வாங்கிப் பாத்தா கப்பலில்ல, கப்பல் செய்யிற வரைபடத்தின்ர கொப்பி. விலையில சைபரை ஒண்டு கூடப் போட்டு வச்சிருப்பாங்கள். இதெல்லாம் கேமுக்குள்ள சட்டப்படி பிழையில்ல எண்டுறதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, கம்பனி காசு திருப்பித் தராது. வெளிய ஒரு கடையில ஏமாந்தா நுகர்வோர் அதிகாரசபை இருக்கு, உள்ள ஒருத்தரும் இல்ல. வாங்க முதல் பொருளின்ர பேரை முழுக்க வாசிச்சு, சைபரை எண்ணிப் பாத்து, சாதாரண சந்தை விலையோட ஒப்பிட்டுப் பாக்கிற பழக்கம் முதல் நாளிலயே வரவேணும்.

தனிய விளையாடாதேங்கோ. புது ஆக்களுக்குப் படிப்பிக்கிறதுக்கெண்டே 2004இலயிருந்து ஈவ் யுனிவர்சிட்டி எண்டு ஒரு கூட்டம் இருக்கு, வேறயும் இருக்கு. சேரிறதுக்குக் காசு கேட்டா, இல்லாட்டி உன்ர சாமானை எங்கட ஆளிட்டக் குடு, கொண்டுவந்து தாறம் எண்டு கேட்டா அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சேர முதல் அவை எந்த நேரம் கூட நிப்பினம் எண்டும் கேளுங்கோ, ஐரோப்பாக்காரர் பின்னேரம் கூடேக்க எங்களுக்கு நடுச்சாமம்.

ஒரு மாசம் இப்பிடி விளையாடிப் பாத்து, பிறகும் ஆசை இருந்து, ஆல்பாவில ஏலாத ஒரு கப்பல்தான் வேணும் எண்டு குறிப்பாச் சொல்லக்கூடிய நிலைமை வந்தா, அப்ப ஒரு மாசம் மட்டும் ஒமேகா கட்டுங்கோ. வருசக் கணக்கில கட்டினா மாசத்துக்கு மலிவுதான், ஆனா ரெண்டாம் மாசமே விட்டுட்டுப் போற கேமுக்கு மலிவு என்ன மலிவு. புது ஆக்களுக்கு எண்டு காட்டி விக்கிற சாமான் பொதிகளும் முதல் மாசம் வேண்டாம்.

கேள்வி: தம்பி, நான் கொட்டாஞ்சேனையில இருக்கிறன். மகன் கெஞ்சிக் கேட்டு அவன்ர பிறந்தநாளுக்கு உந்தக் கேமுக்கு ஒரு மாசம் என்ர கார்ட்டால கட்டினன். இப்ப ஸ்டேட்மென்டைப் பாத்தா ரெண்டு தரம் கூடக் கழிச்சிருக்கு. மகன் தான் ஒண்டும் செய்யேல்ல எண்டு அழுறான்.

பதில்: அக்கா, பிள்ளை சொல்லுறது உண்மையாத்தான் இருக்கவேணும், அவனைப் பேசாதேங்கோ. சந்தா எண்டு கட்டினா அது நிப்பாட்டுமட்டும் தன்ர பாட்டில திரும்பத் திரும்பக் கழியும். இண்டைக்கே மகனோட இருந்து கேமின்ர வெப்சைட்டில எக்கவுண்ட் பக்கத்துக்குப் போய் சந்தாவை நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டினாலும் கட்டின நாள் முடியுமட்டும் விளையாடலாம். கழிஞ்ச காசுக்கு முதல் கம்பனிக்கு டிக்கெட் போட்டுக் கேளுங்கோ. கோபத்தில நேரா பேங்குக்குப் போய் காசைத் திருப்பி இழுத்தா எக்கவுண்டைப் பூட்டிவிடுவினம், பிள்ளையின்ர உழைப்பும் அதோட போயிடும். இனிமேல் குடுக்க விரும்பினா பிளெக்ஸ், உண்மைக் காசுக்கு வாங்கி ஒமேகாவா மாத்தக்கூடிய கேம் சாமான், வாங்கிக் குடுங்கோ, 500 பிளெக்ஸ் ஒரு மாச ஒமேகா, ஒருக்காக் கழிஞ்சா அவ்வளவுதான். பிளெக்ஸை வோல்ட் எண்ட அதுக்குரிய பெட்டகத்திலயே வச்சிருக்கச் சொல்லுங்கோ. கப்பலில ஏத்திக்கொண்டு போய் கப்பல் உடைஞ்சா நீங்கள் கட்டின காசும் சேந்து எரியும்.

கேள்வி: பம்பலப்பிட்டியில ஒரு கடையில இந்தக் கேமுக்கு மூண்டரை லட்சத்து கேமிங் லெப்டொப் இல்லாம ஏலாது எண்டு சொன்னவை. எங்கட இன்டர்நெட்டுக்குச் சரிவருமா எண்டும் யோசினையா இருக்கு. போனிலயும் இருக்கு எண்டினம், அது காணுமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: ஒண்டும் வாங்க வேண்டாம், வீட்டில இருக்கிறதில முதல் போட்டுப் பாருங்கோ, கேம் சும்மாதானே. 8 ஜீபீ ரமும் எஸ்எஸ்டியும் இருந்து, கிராபிக்ஸ் செட்டிங் எல்லாத்தையும் அடிக்குக் குறைச்சு விட்டா சாதாரண கொம்பியூட்டரிலயே ஓடிக்கொண்டு திரியலாம். திணறினா மட்டும் ரம்மோ எஸ்எஸ்டியோ மாத்துங்கோ, அது லெப்டொப்பின்ர விலையில ஒரு மூலைக்கும் வராது. சேர்வர் லண்டனில இருக்கு, ஆனா அது ஒரு செக்கனுக்கு ஒருக்காத்தான் கணக்குப் பாக்கும், அதால துவக்குச் சுடுற கேமுகளில வாற மாதிரி பிங் பிரச்சினை, தகவல் போய் வாற சுணக்கம், எங்களைப் பெரிசாப் பாதிக்காது. டவுன்லோட்தான் பெரிசு, நைட் டேட்டா இருந்தா படுக்கப் போகேக்க போட்டுவிடுங்கோ. போனில இருக்கிறது ஈவ் எக்கோஸ், 2020இல நெட்ஈஸ் கம்பனியோட சேந்து விட்டது, அது வேற கேம், வேற சேர்வர், அதில கட்டிற காசு கொம்பியூட்டர் கேமுக்கு வராது.

இன்னொண்டு, ஒவ்வொரு நாளும் லண்டன் சேர்வரை ஒருக்கா நிப்பாட்டி எடுப்பினம், எங்கட நேரம் பின்னேரம் 4.30க்கு. அந்த நேரம் கேம் வெளிய தள்ளினா கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதேங்கோ, கொஞ்ச நேரத்தால திரும்ப லொகின் பண்ணிப் பாருங்கோ.