பதில்: இயற்கை முறைக்கு மாறி முதல் வருடமே நஷ்டம், திரும்பிவிடலாமா?

வணக்கம். இரண்டு ஏக்கர் காய்கறியையும் ஒரே மூச்சில் மாற்றினீர்கள், விளைச்சல் குறைந்தது, பழையபடி ரசாயன உரத்துக்கே போகலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். விளைச்சலைவிட எனக்கு உறுத்துவது வேறு: விளைந்ததையெல்லாம் மொத்த வியாபாரியிடம் சாதாரண விலைக்கே போட்டிருக்கிறீர்கள்.

2015-இல் கிரவுடர், ரெகனால்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கூடுதல் விலை கிடைத்த இடத்தில் இயற்கை விவசாயத்தின் லாபம் 22 முதல் 35 சதவீதம் அதிகம். சாதாரண விலைக்கு விற்றால் வழக்கமான விவசாயத்தைவிடக் குறைவு. ஈடுகட்ட 5 முதல் 7 சதவீதம் கூடுதல் விலை போதும் என்பது அவர்கள் கணக்கு. அது பல பயிர்களின் சராசரிதான். காய்கறியில் களைக்கூலி ஆளை விழுங்கிவிடும்.

உங்கள் கேரட்டையே பாருங்கள். முளைக்கவே இரண்டு மூன்று வாரம், அதற்குள் களை முந்திவிடும், வரிசைக்குள் கையால்தான் பிடுங்க வேண்டும். முட்டைக்கோஸ் தழைச்சத்தை வேகமாகக் கேட்கும், மட்கிய உரமோ மெதுவாகத்தான் கொடுக்கும். பீன்ஸ் அப்படியில்லை, காற்றிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். களை குறைந்த பகுதியில் பீன்ஸை வைத்து அதை மட்டுமாவது விடாமல் தொடருங்கள். ரசாயனம் போட்ட இடத்துக்கு, இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழுக்கான காத்திருப்பு (பொதுவாக 2 அல்லது 3 வருடம்) முதலிலிருந்து தொடங்கும்.

அந்தக் காத்திருப்பு முடியும்வரை இயற்கை முத்திரை கிடைக்காது, அதனால் நேரடியாக வாங்கும் வீடுகளை, உணவகங்களை இப்போதே பிடியுங்கள். பயிர்வாரியாக எவ்வளவு ஆள்கூலி போனது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.