சுவருக்கும் காசு, விற்றாலும் காசு!

கேள்வி: பத்து வருடமாக வரைகிறேன். வாட்டர்கலரில் கொடைக்கானல் நிலக்காட்சிகள், அக்ரிலிக்கில் அரூப (அப்ஸ்ட்ராக்ட்) ஓவியங்கள். சென்னையில் குழுக் கண்காட்சி நடத்தும் ஒருவர், நான்கு படம் மாட்ட 30,000 ரூபாய் கேட்கிறார். விற்றால் 40 சதவீதம் கமிஷன். படிவத்தில் ‘படங்களின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளருக்கே’ என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போடாதீர்கள்.

கமிஷன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போவது கேலரிகளில் சகஜம். சுவருக்கு வாடகை வாங்குவதும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே ஆள் வாங்கும்போதுதான் உஷாராக வேண்டும். இருபது பேர் ஆளுக்கு 30,000 கட்டினால் ஆறு லட்சம். உங்கள் படம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன அவருக்கு? திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகர், ஒரு கேடயம், போண்டா, காபி. மறுநாளிலிருந்து கூடத்தில் நீங்களும் வாட்ச்மேனும்தான்.

வாடகைதான் கொடுப்பதென்றால் நேராகக் கொடுங்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியிலும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலும் கூடம் கேட்க இடைத்தரகர் தேவையில்லை. தேதிக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“நிலக்காட்சி காலண்டருக்கு, அரூபம்தான் கோடிக்குப் போகும்” என்பார்கள். 2021-ல் அரூப ஓவியர் வி.எஸ். காய்தோண்டேயின் 1961-ம் வருட ஓவியம் ஏறக்குறைய 40 கோடிக்கு ஏலம் போனது உண்மை. அவர் காலமானது 2001-ல் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வரி. படத்தை விற்றால் கேன்வாஸ் கைமாறுகிறது. பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், உங்களிடமே இருக்கிறது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். அதனால்தான் படிவத்தில் அந்த வரியை நுழைக்கிறார்கள். பிறகு உங்கள் கொடைக்கானல் மூடுபனி காலண்டரிலும் ஓட்டல் அறைகளிலும் தொங்கும். உங்களுக்கு ஒரு பைசா வராது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். ஓட்டல்காரர் ஒருவர், “லாபிக்கு வெள்ளி நீர்வீழ்ச்சி வரைந்து கொடுங்கள்” என்று காசு பேசி வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 1957-ம் வருடச் சட்டப்படி காப்பிரைட் ஆரம்பத்திலேயே அவருடையது. அதே நீர்வீழ்ச்சியை நீங்களாக வரைந்து, கண்காட்சிச் சுவரில் அவர் பார்த்து வாங்கினால் காப்பிரைட் உங்களுடையது. அருவி அதேதான், தூரிகை அதேதான், விலைகூட அதேதான். வரைவதற்கு முன்னால் அவர் கேட்டாரா, வரைந்த பிறகு கேட்டாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே முன்பணம் வாங்கும் அன்றே ‘பதிப்புரிமை ஓவியருக்கே’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு உண்டென்று 1994-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 10,000 ரூபாய்க்கு மேல் போனால் பத்து சதவீதத்துக்கு மிகாத பங்கு. அதை நிர்ணயிக்க ஒரு வாரியம் இருந்தது. 2017-ல் அதை இன்னொரு வாரியத்தோடு சேர்த்தார்கள். 2021-ல் அதையும் கலைத்துவிட்டு வேலையை நீதிமன்றங்கள் தலையில் கட்டினார்கள். ஐயாயிரம் ரூபாய் பங்குக்கு எந்த ஓவியர் வக்கீல் பிடிப்பார்? அந்தக் காசை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

எங்கே படம் கொடுத்தாலும் தலைப்பு, அளவு, ஊடகம் (வாட்டர்கலரா, அக்ரிலிக்கா), விலை, திருப்பித் தரும் தேதி எல்லாம் எழுதிய சலானில் கையெழுத்து வாங்காமல் படியிறங்காதீர்கள்.

அக்ரிலிக் படத்தின்மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்ற விடாதீர்கள். வெயிலில் பெயிண்ட் இளகும். நாலு நாள் வேனிலும் கோடவுனிலும் கிடந்து வந்த படத்தைப் பிரித்தால், கெட்டியாகப் பூசிய இடத்தில் எல்லாம் வட்டம் வட்டமாகத் தழும்பு விழுந்திருக்கும். முதலில் கேக் சுடும்போது அடியில் போடும் சிலிக்கோன் பூசிய பேப்பர், அதற்கு மேல்தான் பபிள் ராப். அதிலும் குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கட்டும்.