பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி: கருத்துக்கணிப்பில் ஆதரவு, ஓட்டில் தயக்கம் ஏன்?

அமெரிக்காவில் பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டலாமா என்று கேட்டால், கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானோர் ‘கூட்டலாம்’ என்கிறார்கள். ஆனால் ஓட்டுப்பெட்டி எப்போதும் அதையே சொல்வதில்லை.

2010-இல் வாஷிங்டன் மாநிலத்தில், ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தனிநபர்களுக்கும் 4 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தம்பதிகளுக்கும் மட்டும் வருமான வரி போடும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. நூற்றுக்கு 64 பேர் வேண்டாம் என்றார்கள். அப்போது அங்கே மாநில வருமான வரி என்பதே கிடையாது. ‘இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு’ என்ற பயம்தான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. எதிர்த்தவர்களின் பிரச்சாரமும் அதுதான்.

2022-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கதை வேறு. அங்கே வருமான வரி ஏற்கெனவே இருந்தது. 10 லட்சம் டாலரைத் தாண்டும் வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் வரி என்ற திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். சுமார் 52 சதவீத ஓட்டில், தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தது.

நண்பர்கள் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டுவதை நினைத்துப் பாருங்கள். ‘வசதியானவர் கொஞ்சம் கூடப் போடட்டும்’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்கை யார் வைத்திருக்கிறார், அடுத்த முறை யாரிடம் கேட்பார் என்றதும் பேச்சு இழுக்கும். சரி, இப்படித் தயங்குவதில் தப்பே இல்லை.

அப்புறம், வரம்பைத் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் வரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மாசசூசெட்ஸ் விதிப்படி வரம்புக்கு மேல் 1 டாலர் வந்தால் கூடுதல் வரி வெறும் 4 சென்ட்.