இரங்கற்பாவுக்கு யாப்பு எதற்கு?

கேள்வி: தன்பாலீர்ப்பாளரான கவிஞர் டாம் கன், எய்ட்ஸ் நோயால் இறந்த நண்பர்களுக்காக எழுதிய கவிதைகளை அண்மையில் படித்தேன். அத்தனை சாவுகளுக்கு நடுவே யாப்பும் இயைபும் பார்த்து எழுதியிருப்பது உறுத்துகிறது. என் நண்பனும் சென்ற ஆண்டு அதே நோயால் இறந்தான். அவன் வீட்டார் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவனைப் பற்றி எழுத நினைக்கிறேன். அழுகையை அப்படியே கொட்டுவதுதானே உண்மையான எழுத்து?

பதில்: உங்கள் நண்பரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நீங்கள் படித்தவை 1992இல் வெளிவந்த ‘தி மேன் வித் நைட் ஸ்வெட்ஸ்’ தொகுப்பின் கவிதைகளாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து 1954இல் அமெரிக்கா சென்ற டாம் கன், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் நிலைத்து, 2004இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1987இல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் நான்கு நண்பர்களைப் பறிகொடுத்தார். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. கட்டற்ற கவிதையும் அவருக்குக் கைவந்த கலைதான் என்பதால், இந்தச் சாவுகளைப் பாட அவர் யாப்பை நாடியதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது.

‘லமென்ட்’ என்ற நீண்ட கவிதையை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நோயாளி ஒவ்வோர் அறிகுறியையும் ஏதோ சிறு தடங்கல் என்றே எடுத்துக்கொள்கிறார். பிறகு முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்கிறார்கள். அன்றிரவு கடுமையான தலைவலியோடு, அரைமணிக்கு ஒருமுறை அதே கெட்ட கனவிலிருந்து அதே சிறு கூவலுடன் விழித்து, உடனே அதற்குள்ளேயே மீண்டும் அமிழ்ந்துபோகிறார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கவிஞர் தன் நெஞ்சு பட்ட பாட்டை அங்கே விரித்துரைப்பதில்லை. ‘தி ஜே கார்’ கவிதையில் டிராம் ஏறி நண்பரின் வீட்டுக்குப் போய், அவரை ஒரு ஜெர்மன் உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார். நண்பருக்குப் பார்வை மங்கிவிட்டதால் உணவுப் பட்டியலை இவரே வாசித்துக் காட்டுகிறார். ஈரடிக்கு ஈரடி இயைபு வந்துகொண்டேயிருக்க, எழுத நினைத்த நூலை இனி எழுதப் போவதில்லை என்று அந்த நண்பர் உணர்ந்திருந்ததில் கவிதை முடிகிறது. யாப்பின் கட்டுப்பாடு கவிஞரைச் சற்று ஒதுங்கி நிற்கச் செய்கிறது. அப்படிக் கிடைத்த இடமெல்லாம் சாகிறவருக்குப் போய்ச் சேருகிறது என்பதே என் கணிப்பு. நம் பாரி மகளிரின் கையறுநிலைப் பாட்டும் சென்ற மாத நிலவில் தந்தை இருந்ததையும், இந்த மாத நிலவில் குன்றும் தந்தையும் இல்லாததையும் மட்டுமே ஆசிரியப்பாவில் சொல்கிறது. அதன் துயரம் பொய் என்று எவரும் சொன்னதில்லை.

கொட்டித் தீர்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. எய்ட்ஸ் சாவுகளைக் கண்டும் அரசு பாராமுகமாக இருந்த 1985இல், அமெரிக்க நாடகாசிரியர் லாரி கிரேமர் ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகத்தில் ஆத்திரத்தை அப்படியே மேடையேற்றினார்; அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் நீங்கள் எழுத விரும்புவது ஒரு மனிதரைப் பற்றி. உங்கள் அழுகை பக்கத்தை நிறைத்துவிட்டால் அவர் எங்கே இருப்பார்? அவர் விரும்பிச் சாப்பிட்டது, கடைசி வாரங்களில் எதை மறைத்தார், எதற்குச் சிரித்தார் என்பவற்றிலிருந்து தொடங்குங்கள். வெண்பாவோ அகவலோ உங்களுக்கு வராவிட்டால் உரைநடையே போதும். அதிலும் ஒரு கட்டுப்பாட்டை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள்.

காசநோய் என்ற விஷயம் எனக்கு வேதனையளிக்கிறது. டாம் கன் தம் நூலின் இறுதிக் குறிப்பில், அந்த நண்பர்கள் புகழ்பெற்றவர்கள் அல்லர் என்பதாலேயே, எந்தக் கவிதை யாருக்கு என்று பெயர்களைப் பதிவு செய்தார். உங்களுக்கு அந்த உரிமை முழுதாக இல்லை. உங்கள் நண்பர் தம் நோயை யாரிடமெல்லாம் சொல்லியிருந்தார் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். அச்சுக்குத் தரும்போது அவர் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். நோயின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.