விசிற்றிங் கார்ட்டில் எதைப் போடுவது?

கேள்வி: இசையமைக்கிறேன், குறும்படம் எடுக்கிறேன், ஒலி வடிவமைப்பும் செய்கிறேன். படப்பிடிப்பில் சத்தம் பிசகினாலும் என் இசையாலேயே மூடிவிடுவேன். யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை. வீட்டிலோ ‘ஒன்றைப் பிடி, மற்றதை விடு’ என்கிறார்கள். மூன்றையும் தொழிலாகக் கொள்ள முடியாதா? கார்ட்டில் என்ன போடலாம்?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: முடியும். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. சத்யஜித் ராயின் முதற்படம் 1955இல் வந்தது, இசை ரவிசங்கர். தன் படங்களுக்குத் தானே இசையமைக்க ராய் தொடங்கியது 1961இல்தான். ஒரே படத்தின் தொகுப்புக்கும் ஒலிக்கும் சேர்த்து இரண்டு ஓஸ்கார் வாங்கிய வால்டர் மர்ச், 1960களின் இறுதியில் ஒலி வேலையோடுதான் சினிமாவுக்குள் வந்தார்.

கார்ட்டில் இப்போதைக்கு ‘ஒலி’ என்று மட்டும் போடுங்கள். கமரா வைத்திருக்கும் நண்பர்கள் உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள். படத்தை முடித்துவிட்டு ‘வசனம் கேட்கவில்லையே’ என்று தவிப்பவர்களும் அவர்கள்தான். உங்களுக்கு முதலில் வேலை தரப்போகிறவர்களும் அவர்களே.

ஆனால் ‘இசையால் மூடிவிடுவேன்’ என்ற அந்த வரியை விட்டுவிட வேண்டும். உங்கள் ஊரிலேயே ஒரு பிற்பகல் காட்சியை எடுத்துக்கொள்வோம். அம்மாவும் மகளும் பேசுகிறார்கள். நடுவில் பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை இசைத்தபடி ஒழுங்கைக்குள் நுழைகிறது. காகமோ கரையோர ரயிலோ என்றால் தொகுப்பில் ஓரளவு சமாளிக்கலாம். மெட்டு அப்படியல்ல. அம்மாவின் முகத்திலிருந்து மகளின் முகத்துக்கு வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் அது துள்ளும். இரண்டு சுரம் காணாமல் போயிருக்கும், அல்லது அதே சுரம் திரும்ப வரும். அதன்மேல் உங்கள் இசையை வைத்தால் இரண்டு சுருதி மோதும். மோதாதபடி இசையைக் கூட்டினால் வசனம் அமுங்கும். வண்டி தெருமுனை தாண்டும்வரை நின்று, மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டியவர் ஒலிக்காரர். வெளிச்சம் போகிறதே என்று அவசரப்படுபவர் இயக்குநர். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் எப்போதும் இயக்குநர்தான் வெல்வார். உங்கள் சொந்தப் படத்திலாவது மைக்கையும் ஹெட்போனையும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

மைக் சட்டகத்துக்கு வெளியே, வாயிலிருந்து இரண்டடிக்குள் இருக்கட்டும். நான்கடிக்குப் போனால் குரல் 6 டெசிபெல் அளவு குறையும். விசிறியின் இரைச்சல் குறையாது. விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். ஓட்டோச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், போகும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல். எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பிடியுங்கள். வசனத்துக்கு வசனம் விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் வேண்டும். வேறு அறையின் அமைதி அங்கே ஒட்டாது.

வீட்டில் 44.1 கிலோஹேர்ட்ஸில் செய்த பாட்டை 48 என்று தவறாக வாசிக்கவிட்டால் வேகம் கூடும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். பாடகர் குரல் மெலிந்துவிட்டதே என்று மைக்கைக் குறை சொல்லாமல் முதலில் இதைப் பாருங்கள்.

தொகுப்பு பூட்டப்படாமல், அதாவது இனி ஒரு வெட்டும் மாறாது என்று முடிவாகாமல், இசையைத் தொடவே வேண்டாம். 25 ஃபிரேம் படத்தில் பிறகு 12 ஃபிரேமை வெட்டினால் அதற்குப் பின்னுள்ள இசை முழுவதும் அரை விநாடி தள்ளிப்போகும்; கதவு அறையும் இடத்தில் விழவேண்டிய அடி, ஆள் போனபின் விழும். தானே இயக்கித் தானே இசைப்பவருக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மெட்டு நன்றாக அமைந்துவிட்டால், அது முடியட்டும் என்று காட்சியை நீட்டுவார். வசனமும் சூழல் ஒலியும் மட்டும் வைத்து ஒருமுறை முழுப்படத்தையும் போட்டுப் பாருங்கள். இசை இல்லாமலே நிற்கும் காட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே இசை எழுதாதீர்கள்.

கொடுக்கும்போது வசனம், இசை, விளைவொலி மூன்றும் தனித்தனிக் கோப்பாக, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து. வேறு மொழியில் குரல் பதிய அப்போதுதான் முடியும். சிங்களப் படத்துக்கு வேலை செய்தாலும் நாளை தமிழ்க் குரல் கேட்பார்கள்.

பில்லில் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு, இசை என்று மூன்று வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை எழுதுங்கள். ஒரே தொகையாகப் போட்டால் இசை இனாமாகிவிடும். பாதி முற்பணம். எத்தனை திருத்தம் என்பதும், இசையின் உரிமை யாருக்கு, எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதும் வேலை தொடங்குமுன் எழுத்தில் இருக்கட்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஒலி என்ற வரிக்கு மட்டும் தனியாக ஆட்கள் உங்களைத் தேடி வரத் தொடங்கிய பிறகு, கார்ட்டில் இரண்டாவது சொல்லைச் சேருங்கள்.