போட்டோக்களை வெட்டி ஒட்டிச் சிரிக்கவைப்பதெல்லாம் கலையா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, உங்கள் வீட்டிலும் யாரோ "இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கலைதான். கலை மரபுகளைக் கிண்டலடித்த டாடா (Dada) என்ற கலை இயக்கம் 1920-இல் பெர்லினில் நடத்திய கண்காட்சியில் ஜெர்மன் ஓவியர் ஹன்னா ஹோக் பத்திரிகைப் படங்களை வெட்டி, தளபதியின் தலையை நடனக்காரி உடம்பில் ஒட்டிக் காட்டினார். அதே இயக்கத்தில் இருந்த ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-இல் ஹிட்லரை எக்ஸ்ரே எடுத்ததுபோல் செய்து முதுகெலும்பு இருக்கும் இடத்தில் காசுகளை அடுக்கினார். அவ்வளவு தூரம் போவானேன், செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சுப்பட லட்சுமிக்கு ஜரிகைத் துணி ஒட்டி, சமிக்கி வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்களே, அதுவும் வெட்டி ஒட்டிய வேலைதானே?

எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஐயாக்கள் (தாத்தாக்கள்) படங்கள் வரிசையாக உண்டு. எல்லாம் ரங்கூன், பினாங்கு ஸ்டுடியோக்களில் எடுத்தவை. பின்னால் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, முன்னால் முழங்காலில் கை வைத்து விறைப்பாக ஐயா, ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. அந்த விறைப்பைப் பார்த்தால் எனக்கு ஆதார் மையம்தான் ஞாபகம் வரும். அதனால் எல்லோரையும் ஸ்கேன் செய்து அச்செடுத்து, கத்தரித்து, ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து ஆதார் வரிசையில் நிறுத்திவிட்டேன். கத்தரித்த விளிம்பு தெரியலாம், தெரிந்தால்தான் சிரிப்பே. ஆனால் வெளிச்சம் எல்லோர் மேலும் ஒரே பக்கமிருந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அந்த இடத்தில் நிற்கவே மாட்டார்.

முன்னோரை அவமதித்தேன் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: அசல் படத்தில் கத்தரி படவில்லை. அப்பத்தாவிடம் காட்டினேன். "உங்கையா வரிசையிலயா நிப்பாக? ஆள விட்டுல்ல வாங்கியாரச் சொல்லுவாக" என்று சிரித்தார்கள்.

வெடித்தது பங்காளிகள் வாட்ஸாப் குழுவில்தான். "உடனே அழி" என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியப்பச்சி (பெரியப்பா), அவருக்குக் கைதட்ட நாலு பேர். போன மழையில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து, தண்ணீர் வளவு வரை வந்து, இதே ஐயாக்கள் முகத்தில் பூஞ்சை பிடித்தபோது, ஓடு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அதே குழுவில் போட்டேன். நீலக் குறி விழுந்தது, பணம் விழவில்லை. மரியாதை பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை.

சரி, நீங்கள் தாராளமாக ஒட்டுங்கள். கரையான் முந்திக்கொள்வதற்குள் வீட்டுப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம், குடும்பக் குழுவில் மட்டும் போடாதீர்கள்.